உணர்விழந்த காலில் கணுக்கால் முறிவு: அறுவையா, மாவுக்கட்டா, ஏன் இத்தனை வாரம்?

தங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 17 ஆண்டுகளாக நீரிழிவு உள்ள தங்கள் தந்தையார் படியில் இறங்கும்போது கால் பிசகி, அதன் பிறகும் 2 நாட்கள் நடமாடியிருக்கிறார். வீக்கம் குறையாததால் எடுத்த எக்ஸ்-ரேயில் கணுக்காலின் உட்புறமும் வெளிப்புறமும் எலும்பு முறிந்து, மூட்டு சற்று விலகியிருப்பது தெரிந்திருக்கிறது. தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர். சர்க்கரை உள்ள காலைத் திறந்தால் புண் ஆறாது, மாவுக்கட்டே போதும் என்கிறார் இன்னொருவர். இருவரும் ஒத்துப்போகும் ஒரே இடம், மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்பது. இதே முறிவுக்கு மற்றவர்களுக்கு ஆறு வாரம்தானே சொல்கிறார்கள், அப்பாவுக்கு மட்டும் ஏன் இரட்டிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாங்கள் எழுதியவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது எக்ஸ்-ரே விவரம் அன்று. முறிந்த கணுக்காலோடு அவர் 2 நாட்கள் நடந்தார் என்பதே. இரு பக்கமும் முறிந்த கணுக்காலின் மேல் உடல் எடையை ஏற்றி நடப்பது, நரம்புகள் ஒழுங்காக வேலை செய்யும் எவருக்கும் மிகக் கடினமான காரியம். அதை அவருடைய மனத்திடம் என்று வீட்டார் எண்ணியிருக்கலாம். அது பெரும்பாலும் நரம்புச் சேதத்தின் அடையாளம். இது உறுதியானால் சிகிச்சையின் ஒவ்வொரு முடிவும், எத்தனை திருகாணி என்பதிலிருந்து எத்தனை வாரம் என்பது வரை, மாறிவிடும்.

வலி செய்யும் வேலையை நாம் சாதாரணமாக எண்ணிப் பார்ப்பதில்லை. கணுக்கால் முறிந்த ஒருவர், மருத்துவர் சொல்லாவிட்டாலும் காலை ஊன்ற மாட்டார்; கட்டு ஓரிடத்தில் அழுத்தினால் இரவே உறவினரை எழுப்பிவிடுவார்; உள்ளே ஒரு திருகாணி தளர்ந்தால் அடுத்த அடியிலேயே நின்றுவிடுவார். எலும்பு கூடும் வரை அந்தக் காலைக் காத்துக்கொண்டிருப்பது மாவுக்கட்டும் தகடும் மட்டுமல்ல, வலியும்தான். நீண்டகால நீரிழிவு இந்தக் காவலை ஓசையின்றி நீக்கிவிடுகிறது. அதோடு, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கிவிடுவதால், எடையில் பாதியை மட்டும் ஊன்றுங்கள் என்று சொன்னாலும் எது பாதி என்று அவருக்குத் தெரியாது. வலி செய்ய வேண்டிய வேலையை இனி கட்டும், உலோகமும், காலமும், உடனிருப்பவர்களின் கண்களும் பங்கிட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதே அந்த மூன்று மாதக் கணக்கின் அடிப்படை.

ஆகவே எந்தச் சிகிச்சை என்று முடிவெடுப்பதற்கு முன்பே உணர்வைச் சோதிக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில் தொட்டு, கண்ணை மூடியிருக்கும் நோயாளி உணர்கிறாரா என்று பார்ப்பது, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு பெருவிரலில் தெரிகிறதா என்று கேட்பது ஆகிய இரண்டும் சேர்ந்தால் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். அடிபட்ட கால் வீங்கியிருப்பதால் மற்றக் காலிலும் சோதிப்பது நல்லது. நீரிழிவு நரம்புச் சேதம் பெரும்பாலும் இரு கால்களையும் ஒரே அளவில் தாக்குவதால், நல்ல காலின் நிலை அடிபட்ட காலின் நிலையைச் சொல்லிவிடும். அவசரப் பிரிவுகளில் சர்க்கரை அளவைக் கேட்டு எழுதிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டு, இந்தச் சோதனையை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. என் பார்வையில் அன்றைய சர்க்கரை எண்ணைவிட இந்த நைலான் இழை அதிகம் சொல்லும். நீரிழிவு இருந்தும் நரம்பு, இரத்தக்குழாய், சிறுநீரகம் ஆகியவை கெடாதவரின் கணுக்கால் முறிவு ஏறத்தாழ மற்றவர்களுடையதைப் போலவே ஆறக்கூடும். இவை கெட்டவர்களையும் கெடாதவர்களையும் அறுவைக்குப் பின் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், கெட்டவர்களுக்குச் சிக்கல்கள் 3.8 மடங்கும், மறு அறுவைக்கான தேவை 5 மடங்கும் அதிகமாக இருந்தன.

இரத்த ஓட்டத்தையும் அதே நாளில் பார்க்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் எளிய அளவீட்டில் 0.9-க்குக் கீழே வந்தால் குழாய் அடைப்பு என்று கொள்வது வழக்கம். நீரிழிவில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துப்போவதால், உள்ளே ஓட்டம் குறைந்திருந்தாலும் இந்த எண் 1.3-ஐயும் தாண்டி நிற்கும். அதைப் பார்த்து ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிடலாம். பெருவிரலின் சிறு குழாய்களில் இந்தச் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை என்பதால், விரல் அழுத்தம் நம்பத்தகுந்தது. அது 30 மி.மீ. பாதரசத்துக்கும் கீழே இருந்தால் வெட்டிய தோல் ஆறும் வாய்ப்பு குறைவு. எலும்பு மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முன் இரத்தக்குழாய் மருத்துவர் வந்தாக வேண்டும். சாதாரண எக்ஸ்-ரேயிலேயே தமனி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் அதுவே எச்சரிக்கை.

இனி, முறிவைத் தாண்டிய ஆபத்துக்கு வருகிறேன். 1868-இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ழான்-மார்ட்டின் சார்கோட், மேகநோய் (சிபிலிஸ்) தண்டுவடத்தைத் தாக்கி உணர்விழந்தவர்களின் மூட்டுகள் சிதைந்துபோவதை விவரித்தார். அதே சிதைவு நீரிழிவிலும் உண்டாகிறது என்பது 1936-இல்தான் பதிவாயிற்று. இன்சுலின் வந்த பிறகே நீரிழிவு நோயாளிகள் நரம்பு கெடும் அளவுக்கு நெடுங்காலம் வாழத் தொடங்கினார்கள் என்பதை நினைத்தால் இந்தத் தாமதம் வியப்பளிக்காது. இன்று சார்கோட் பாதம் என்றாலே பெரும்பாலும் நீரிழிவுதான். சிறு காயமோ முறிவோ ஏற்படும்போது எழும் அழற்சி, வலி இல்லாததால் ஓய்வு கிடைக்காமல் அடங்காது. நடக்க நடக்க அழற்சி வளர்கிறது. அது எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகிறது. இரத்தக்குழாய்களைக் கட்டுப்படுத்தும் தன்னியக்க நரம்புகளும் கெட்டிருப்பதால் காலில் இரத்தம் மிகுதியாகப் பாய்ந்து, எலும்பின் சுண்ணாம்பு வெளியேறுகிறது. மெலிந்த எலும்பு மேலும் முறிகிறது, அந்த முறிவு மேலும் அழற்சியைக் கிளப்புகிறது. இந்தச் சுழலைத் தொடங்கி வைப்பதற்கு ஒரு கணுக்கால் முறிவு தாராளமாகப் போதும். முறிவு மட்டும்தானா, அல்லது சார்கோட் சிதைவு முன்பே தொடங்கி அதனால் எலும்பு முறிந்ததா என்பதும் சில நோயாளிகளிடம் பிரித்தறிய முடியாததாக இருக்கும்; சிறு பிசகலுக்குப் பொருந்தாத அளவுக்கு எலும்பு நொறுங்கியிருந்தால் இரண்டாவதைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த நிலையில் கால் சிவந்து, சூடாகி, வீங்கியிருக்கும். அதைக் கிருமித்தொற்று என்று எண்ணி வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது மிகப் பரவலான பிழை. தோலில் புண் எதுவும் இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல், படுத்துக் காலை உயர்த்தி வைத்தால் 10 நிமிடங்களில் சிவப்பு மங்குமானால், அது தொற்றைவிட சார்கோட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரு கால்களின் தோல் வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து, ஒரே இடத்தில் 2 டிகிரி செல்சியசுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அழற்சி இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். முறிவு புதிதாக இருக்கும்போது எந்தக் காலும் சூடாகத்தான் இருக்கும் என்பதால், முதல் வார எண்ணைவிட வாரந்தோறும் அது இறங்குகிறதா என்பதே கவனிக்கத் தக்கது.

இப்போது தங்கள் நேரடிக் கேள்வி. முறிவு விலகாமல், மூட்டு நிலையாக இருந்தால் மாவுக்கட்டு போதும். அங்கே கத்திக்கு வேலையில்லை. ஆனால் இரு பக்கமும் முறிந்து மூட்டு விலகிய கணுக்காலை, உணர்வில்லாத காலில், கட்டு மட்டும் போட்டுப் பிடித்து வைப்பது பெரும்பாலும் தோற்றுப்போகிறது. வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்கிறது. எலும்பு உள்ளே நழுவுகிறது. நழுவிய எலும்பின் முனை தோலை உள்ளிருந்து அழுத்துகிறது. வலி இல்லாததால் கட்டைப் பிரிக்கும் நாளில்தான் புண் கண்ணில் படுகிறது. அறுவையைத் தவிர்த்தால் தொற்றைத் தவிர்த்துவிடலாம் என்று கட்டைத் தேர்ந்தெடுத்தவர், கோணலாகக் கூடிய மூட்டோடும் திறந்த புண்ணோடும் பிறகு வந்து நின்றால், அப்போது செய்ய வேண்டிய அறுவை முதலில் செய்திருக்க வேண்டியதைவிடப் பன்மடங்கு கடினமானது. இரண்டாவது மருத்துவரின் அச்சம் பொய்யன்று. தொற்றும் தையல் பிரிவதும் இந்தக் கால்களில் உண்மையாகவே அதிகம். ஆயினும் இரத்த ஓட்டம் போதுமானதாக இருக்குமானால், தாங்கள் விவரித்த முறிவுக்கு அறுவையே சரி என்பது என் கருத்து. இரத்த ஓட்டம் சரியில்லாதவர், முன்பே நடமாட்டம் இழந்து படுக்கையில் இருப்பவர், இதயம் மயக்க மருந்தைத் தாங்காதவர் ஆகியோருக்கு இந்தக் கணக்கு வேறாக அமையும்.

அறுவை என்றவுடன் இன்றே என்று பொருளில்லை. விலகிய மூட்டை இழுத்து நேராக்குவது மட்டும் அன்றே நடக்க வேண்டும். எலும்பு தோலை நெட்டித்தள்ளிக்கொண்டிருந்தால் சில மணி நேரத்தில் தோல் செத்துவிடும். நேராக்கிய மூட்டு நிற்காவிட்டால் வெளியிலிருந்து கம்பிச் சட்டம் பொருத்தித் தற்காலிகமாகப் பிடித்து வைக்கலாம். அதன் பிறகு வீக்கம் வடிந்து, தோலில் மீண்டும் சுருக்கம் விழும் வரை காத்திருப்பதே அறிவுடைமை, அதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகலாம். நீர்க்கொப்புளங்கள் இருந்தால் அவை காய வேண்டும். இந்த இடைவெளியில் சர்க்கரையை 180 மில்லிகிராமுக்குள் கொண்டுவர வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்த வேண்டும். இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவாக இருந்தால் உணவைச் சரிசெய்ய வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எண் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சிக்கல் கூடும் என்பது உண்மைதான். ஆனால் முறிந்த கணுக்கால் மூன்று மாதம் காத்திருக்காது என்பதால், அந்த எண்ணைக் காரணம் காட்டி அறுவையைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை உட்கொள்பவர் என்றால் மயக்க மருந்து மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். சர்க்கரை இயல்பாகத் தெரியும்போதே இரத்தம் அமிலமாகும் ஆபத்து இருப்பதால், அறுவைக்கு 3 நாட்களுக்கு முன்பே அவற்றை நிறுத்துவார்கள். தாமாக நிறுத்திவிட வேண்டாம், மாற்று ஏற்பாடு வேண்டும்.

அறுவையின் வடிவமும் வேறுபடும். சாதாரண முறிவில் வெளிப்புற எலும்பான ஃபிபுலாவுக்கு ஒரு மெல்லிய தகடும், உட்புறத்துக்கு இரண்டு திருகாணிகளும் போதும். மெலிந்த எலும்பு, அறியாமல் ஊன்றிவிடும் நோயாளி என்ற இரண்டும் சேரும்போது அது நிற்காது. எனவே திருகாணி தகட்டோடு பூட்டிக்கொள்ளும் வகைத் தகட்டைப் போட்டு, ஃபிபுலாவைத் துளைத்துக்கொண்டு பெரிய எலும்பான டிபியாவின் மறுபுறம் வரை, நான்கு எலும்புச் சுவர்களையும் கவ்வும் நீண்ட திருகாணிகள் பலவற்றைச் செலுத்துவார்கள். எக்ஸ்-ரேயைப் பார்க்கும் வேறொரு மருத்துவர், மூட்டுநார் கிழியாதபோது இத்தனை திருகாணிகள் எதற்கு என்று கேட்கக்கூடும். இங்கே அவை மூட்டுநாருக்காக அன்று, டிபியாவின் வலிமையைக் கடன் வாங்குவதற்காகப் போடப்பட்டவை. அதனால் அவற்றைச் சில மாதங்களில் எடுத்துவிடும் வழக்கமும் இங்கே பொருந்தாது. எலும்பு மிக மோசமாக இருந்தால் குதிகால் அடியிலிருந்து மூட்டின் ஊடாக டிபியா வரை தடித்த கம்பிகளைச் சில வாரங்களுக்கு விட்டு வைப்பதும், அதே பாதையில் ஒரு ராடை (உலோகத் தண்டை) செலுத்திக் கணுக்காலை நிரந்தரமாக அசையாமல் ஆக்குவதும் உண்டு. முதியவர், தோல் நைந்தவர், ஏற்கெனவே சார்கோட் தொடங்கியவர் ஆகியோருக்கு, சிறு வெட்டுகள் போதும் என்பதால் ராடு நல்ல வழி. மூட்டு மடங்காமல் போகுமே என்று குடும்பத்தார் வருந்துவார்கள். மடங்காத, ஆனால் நேராக நிற்கும் பாதம் செருப்புக்குள் அடங்கும், எடையைத் தாங்கும். மடங்கும் ஆனால் கோணிய பாதமோ ஓரத்தில் ஊன்றி ஊன்றிப் புண்ணாகும்.

தையல்களை இரண்டு வாரத்தில் எடுத்துவிடும் வழக்கத்தையும் இங்கே மாற்றி, மூன்று அல்லது நான்கு வாரம் விட்டு வைப்பது நல்லது.

கட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் கட்டு உண்டு. வீட்டாரின் பொறுப்பும் அங்கேதான் தொடங்குகிறது. உணர்விழந்த காலுக்குப் பஞ்சு தாராளமாக வைத்து, கணுக்கால் எலும்பு முனைகளையும் குதிகாலையும் தனியாகக் காத்து, பாதத்தின் வடிவத்தோடு முழுதும் ஒட்டி அமையுமாறு கட்ட வேண்டும். முதல் கட்டைச் சில நாட்களிலேயே மாற்றி, பிறகு வாரம் ஒருமுறை பிரித்துத் தோலைப் பார்த்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது சிறந்தது. ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிடுவதை இந்தக் காலுக்கு ஏற்க முடியாது. வலி வந்தால் வருகிறோம் என்று நினைக்காதீர்கள், வலி வராது. கட்டிலிருந்து புதிய வாடை, துணியில் கசிவு, விரல்களின் நிற மாற்றம், காரணமின்றிச் சர்க்கரை ஏறுதல், நடுக்கம் அல்லது காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அன்றே கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது குதிகால் படுக்கையைத் தொடாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். மற்றக் காலையும் நாள்தோறும் பாருங்கள். முழுச் சுமையும் அதன் மேல் விழுவதால் அங்கே புண்ணோ புதிய சார்கோட் சிதைவோ தொடங்குவது அரிதன்று.

இனி வாரக் கணக்கு. நரம்புச் சேதமுள்ள நீரிழிவு நோயாளிக்கு மற்றவர்களுக்குச் சொல்லும் காலத்தை இரட்டிப்பாக்குவது மருத்துவர்களிடையே நிலைத்த நடைமுறை: ஆறு வாரத்துக்குப் பதிலாக 10 முதல் 12 வாரம் ஊன்றாமல் இருத்தல், அதன் பின் கட்டோடோ காப்புக் காலணியோடோ மெல்ல ஊன்றத் தொடங்கி மேலும் சில மாதங்கள். சர்க்கரை ஏறிய உடலில் எலும்பு கூடுவது மெதுவாக நடக்கிறது என்பது பாதிக் காரணம். எலும்பு கூடிவிட்டதா என்று வலி மூலம் அறிய வழியில்லை என்பது மீதிப் பாதி. மற்றவர்கள் ஊன்றிப் பார்த்து, வலித்தால் இன்னும் இரண்டு வாரம் என்று தள்ளிப்போடுகிறார்கள். தங்கள் தந்தையாருக்கு அந்தச் சோதனை கிடையாது என்பதால், எக்ஸ்-ரேயும் தோல் வெப்பமும் இரண்டுமே அனுமதித்த பிறகுதான் முதல் அடி. முதல் ஒன்றரை மாதத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையேனும் எக்ஸ்-ரே எடுத்து எலும்பு நகர்கிறதா என்று பார்ப்பது நல்லது. நகர்வை முதல் வாரங்களில் கண்டால் சரிசெய்யலாம்.

ஊன்றக் கூடாது என்று எழுதிக் கொடுப்பது எளிது, கடைப்பிடிப்பது மிகக் கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கைக்கோல் இரண்டை வைத்து ஒற்றைக் காலில் தாவுவதற்கு நல்ல சமநிலை வேண்டும். மற்றப் பாதத்திலும் உணர்வில்லாத, பார்வை மங்கிய, எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கும் ஒருவர் அதைச் செய்தால் விழுவார். ஆகவே தொடக்கத்திலேயே சக்கர நாற்காலியை ஏற்பாடு செய்துவிடுங்கள். இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும் அந்தச் சில அடிகள்தான் பல தகடுகளைப் பெயர்த்திருக்கின்றன என்பதால், படுக்கையருகில் சிறுநீர்க் குடுவையும் கழிப்பு நாற்காலியும் இருக்கட்டும். மறந்து ஊன்றிவிட்டால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். திட்டு விழுமோ என்ற கூச்சத்தில் பலர் மறைத்துவிடுகிறார்கள்.

மருந்தால் இதை விரைவுபடுத்த முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். எலும்புத் தேய்வுக்குத் தரும் பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் போன்றவற்றைச் சார்கோட் சிதைவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றே 2023-இல் வெளியான பன்னாட்டு நீரிழிவுப் பாத வழிகாட்டுதல் சொல்கிறது. கால்சியமும் வைட்டமின் டி-யும் குறைவாக இருந்தால் ஈடுசெய்வது சரி. சிறுநீரகம் கெட்டிருந்தால் அதையும் கேட்டே செய்ய வேண்டும். அதே வழிகாட்டுதல் முதன்மையாக வலியுறுத்துவது, நோயாளி தாமே கழற்ற முடியாத, முழங்கால் வரை உயரும் கட்டைத்தான். கழற்றக்கூடிய காப்புக் காலணி வசதியானது, ஆனால் கழற்ற முடியும் என்பதே அதன் குறை.

கட்டு நீங்கிய பிறகும் ஓராண்டு அளவுக்குக் கணுக்காலைத் தாங்கும் பட்டையோ காப்புக் காலணியோ தேவைப்படலாம். குதிகாலின் தசைநாண் நீரிழிவில் இறுகிப்போவதால் பாதம் கீழ்நோக்கி இழுக்கப்பட்டு முன்பாதத்தில் அழுத்தம் கூடும். அப்படியிருந்தால் அதை நீட்டும் சிறு அறுவையைப் பற்றிக் கேட்கலாம். வெறுங்காலில் நடப்பதை வீட்டுக்குள்ளும் அனுமதிக்காதீர்கள். சில மாதங்கள் நன்றாக நடந்த பிறகு கால் மீண்டும் வீங்கிச் சூடானால், எண்ணெய் தேய்ப்பதையும் ஒத்தடம் கொடுப்பதையும் விட்டு, அன்றே நடையை நிறுத்தி எக்ஸ்-ரே எடுக்க வேண்டும்; ஒத்தடத்தின் சூட்டை அவரால் உணர முடியாது, தோல் வெந்துபோகும்.

முதலில் செய்ய வேண்டியது இதுதான்: நாளை மருத்துவரைப் பார்க்கும்போது, நைலான் இழைச் சோதனையும் பெருவிரல் அழுத்தமும் பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். பார்க்கப்படவில்லை என்றால், தகடா கட்டா என்ற விவாதத்தை அவற்றின் விடை கிடைக்கும் வரை நிறுத்தி வைக்கலாம். மூட்டை நேராக்கி வைப்பதை மட்டும் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.